எட்டு எழுத்துக்கு விழுந்த அடிகள்

அடி வாங்காத வாக்கியம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பது எங்கள் கம்பனியின் விதி. வாக்கியத்துக்கு முதுகு கிடையாது. அதனால் அதை எழுதினவரை நிறுத்திவைத்து அடித்தார்கள். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, லண்டன் மாநகரத்தில், ஹீட்டர் போட்ட அறையில், தேநீரும் பிஸ்கட்டும் பரிமாறி ஒழுங்காக நடத்திய காரியம் இது. என் பெயர் கஸ்பர். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. விபத்துப் பதிவேடும் என்னிடம்தான் இருந்தது. ஆகவே நான் சொல்வதற்கெல்லாம் எழுத்தில் சாட்சி உண்டு.

ட்ரிம்பிள் பார்சல் கம்பனி நாங்கள் குடியிருந்த ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். மேல்மாடியில் கூட்டமும் எழுத்துவேலையும் நடக்கிற கந்தோர், கீழே களஞ்சியம். களஞ்சியத்தில் வெறும் மட்டைப்பெட்டிகளை நசித்துக் கட்டுகிற மெஷின் ஒன்று இருந்தது. பேலர் என்பார்கள். ஒரு சிறிய அறை அளவு. மேலே இருந்து இரும்புத் தட்டு இறங்கி நசிக்கும். அதில் வேலை செய்தவள் என் மனைவி எமில்டா. போன வருடம் பழைய பேலரின் கதவுக் கொளுக்கி தேய்ந்துபோய், கதவு திறந்திருக்கும்போதே தட்டு இறங்கிவிட்டது. எமில்டாவின் தோழி ராஜலட்சுமிக்கு இரண்டு விரல் போனது. அதனால்தான் புதிய பேலர் வாங்கினார்கள். அதைக் கம்ப்யூட்டர் இயக்கும். பெட்டி போதிய அளவு சேர்ந்ததும் தானாகவே நசிக்கும், ஆள் பொத்தான் அழுத்தத் தேவையில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதியது தைப்பேயில் ஒரு சின்னக் கம்பனி. மெஷின் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று நாங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு ரிக்குவயர்மென்ட் என்று பெயர். எங்கள் ஆட்கள் முதலில் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் அனுப்பினார்கள். தைப்பேயிலிருந்து மிஸ் லின் என்ற எஞ்சினியர் மரியாதையாக ஒரு ஃபாக்ஸ் அனுப்பினார். முந்நூறு பக்கத்தையும் மூன்று முறை படித்ததாகவும், மெஷின் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் அதில் காணவில்லை என்றும், தயவுசெய்து சீன மொழியில் சுருக்கமாக எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தார்.

சீனம் எழுத எங்களிடம் ஒருவர் இருந்தார். செல்லப்பன். மலேசியத் தமிழர், ஈப்போக்காரர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளிக்கூடம் என்பதால் அவருடைய அப்பா அங்கேயே சேர்த்துவிட்டார். லண்டனுக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலை எடுத்து, தோர்ண்டன் ஹீத்தில் குடியிருந்தார். எந்தச் சண்டைக்கும் போகாத மனுஷர். ரயிலில் யாராவது காலை மிதித்தாலும் இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

அவர் எழுதுவதைச் சோதிக்கும் குழுவுக்குத் 'தெளிவு உறுதிப்படுத்தும் குழு' என்று பெயர். பதினொரு பேர். தலைவர் மிஸ்டர் காஸ்கின். ஆனால் மூளை என்றால் சபாரத்தினம்தான். எங்கள் யாழ்ப்பாணத்து ஆள். ஹரோவில் வீடு, மூன்று துண்டு சூட், விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் இரண்டு வரி பட்டம். விதிமுறை அதிகாரி. சில வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து ஒரு நிபுணர் வந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் அடித்து உலுக்கிப் பாருங்கள், நிற்கிற வாக்கியம்தான் நல்ல வாக்கியம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் பிளேன் ஏறிப் போய்விட்டார். சபாரத்தினம் அதை அறுபத்து நான்கு பக்க விதிநூல் ஆக்கினார். சந்தேகம் ஒன்றுக்குக் கோடு போடுகிற அடிமட்டத்தால் உள்ளங்கையில் ஆறு. குழப்பம் ஒன்றுக்குத் தடித்த ஃபைலால் முதுகில் நான்கு. கடும் குழப்பத்துக்கு உட்காருகிற கதிரையாலேயே அடி. முகத்தில் அடிப்பதானால் தலைவரின் முன் அனுமதி வேண்டும்.

செல்லப்பன் முதல்நாள், கதவு பற்றிய ரிக்குவயர்மென்டை எழுதிய கண்ணாடித்தாளை ப்ரொஜெக்டரில் வைத்தார். சுவரில் எட்டே எட்டுச் சீன எழுத்து விழுந்தது.

"கதவு திறந்திருந்தால் மெஷின் அசையக்கூடாது. அவ்வளவுதான், சார்" என்றார்.

பதினொரு பேரும் சுவரைப் பார்த்தார்கள். மிஸ்டர் காஸ்கின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"யாருக்காவது விளங்குகிறதா?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. குழுவில் ஒருவருக்கும் சீனம் தெரியாது.

சபாரத்தினம் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "தலைவர் அவர்களே, எல்லோருக்கும் விளங்குவதுதான் தெளிவான வாக்கியம். இங்கே பதினொரு படித்தவர்கள் இருக்கிறோம். பதினொருவருக்கும் விளங்கவில்லை. நான் இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். இவ்வளவு முழுமையான குழப்பத்தை எட்டே எழுத்தில் நான் கண்டதில்லை."

"சார், உங்களுக்குச் சீனம் தெரியாதே" என்றார் செல்லப்பன்.

"பழியை வாசகர்மேல் போடுகிறார். குறித்துக்கொள்ளுங்கள்."

குறித்துக்கொண்டேன். சீனம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று செல்லப்பன் கெஞ்சினார். மிசஸ் பிக்கெட் என்ற வெள்ளைக்கார அம்மா, வாசனைப் பூச்சுப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் இருப்பவர், அதிர்ந்து போனார். "சீனம் தெரிந்தவருக்கு இது எப்படியும் விளங்கிவிடுமே! அவருடைய சாட்சி நடுநிலையாக இருக்காது."

அந்தக் காரணத்துக்காகவே செல்லப்பனுக்கும் வாக்குரிமை இல்லை என்று தீர்மானித்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு சந்தேகம், சந்தேகத்துக்கு ஆறு, ஆகமொத்தம் அறுபத்தாறு அடி விழுந்தது. பதினைந்தாவதில் அடிமட்டம் முறிந்தது. வேறு எடுத்து வந்தார்கள். செல்லப்பனின் உள்ளங்கை பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

பின்னேரம் ரயில் மேடையில் அவரைப் பிடித்தேன்.

"கஸ்பர் அண்ணே, இதுல என்ன புரியலை? ஈப்போல எட்டு வயசுப் பொடியன் படிச்சிட்டு ஓடிருவான்லா. நான் நாளைக்கே லெட்டர் குடுத்துடறேன். எனக்கு இந்த வேலையே வேணாம்."

"தம்பி, நீர் போனா அந்த வசனம் போயிடும். என்ரை மனிசி அந்த மிசினுக்குள்ள கை விட்டு வேலை செய்யிறவள். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன், கொஞ்சம் பொறும்."

அவர் தன் கையைப் பார்த்தார். ரயில் வந்தது. ஏறும்போது, "சரி, நாளைக்கு வர்றேன்" என்றார். அடி விழப்போவது அவருக்கு, கும்பிட்டுக் கேட்டது நான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் எமில்டாவுக்கு ஒரே கேள்விதான். "கதவு திறந்தா மிசின் நிக்குமோ, நிக்காதோ? உங்கடை குழு, கொம்மிட்டி ஒண்டும் எனக்குச் சொல்ல வேண்டாம். நிக்குமோ நிக்காதோ?"

"நிக்கும். அதுக்குத்தான் செல்லப்பன் அடி வாங்குறார்" என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு கூட்டம். எட்டு எழுத்து மிகவும் குட்டையாக இருக்கிறது, மரியாதைக் குறைவு என்று ஒரு நாள். இருபது எழுத்தாக்கிக் கொண்டுவந்தார். நெருக்கமாக இருக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று அடுத்த நாள். பெரிதாக எழுதிக் கொண்டுவந்தார். கோபமாகப் பார்க்கிறது என்றார் மிசஸ் பிக்கெட். எந்த எழுத்து என்று கேட்டதற்கு, இடமிருந்து நான்காவது, அதற்கு முறைத்த கண் இருக்கிறது என்றார். அன்றைக்கு ஃபைல். ஒன்பதாவது பிரதிக்கு விலா எலும்பு ஒன்று முறிந்தது. பன்னிரண்டாவது பிரதிக்கு மோதிர விரல். 'காரணம்: எழுத்துகள் சாய்ந்திருந்தமை' என்று விபத்துப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

பதினாறாவது பிரதியில் குழுவுக்குள்ளேயே பிளவு வந்தது. முறைத்த கண் நான்காவது எழுத்தில் இல்லை, ஐந்தாவதில்தான் என்றார் மிஸ்டர் காஸ்கின். மிசஸ் பிக்கெட் தேநீர்க் கேத்தலைத் தூக்கி அவர் தலையில் ஒன்று வைத்தார். அவர் மேசையைக் கவிழ்த்தார். பத்து நிமிடம் கதிரைகள் பறந்தன. விதிநூலால் விதிநூலை அடித்தார்கள். ஒருவருடைய பல் என் குறிப்புப் புத்தகத்தில் வந்து விழுந்தது, அதையும் குறித்தேன். யாரோ பயந்து பொலிஸுக்குப் போன் பண்ணிவிட்டார்கள். இரண்டு பொலிஸ்காரர் ஓடிவந்தார்கள். சபாரத்தினம் மூக்கில் ரத்தம் வடிய எழுந்து, சுவரில் தொங்கிய தரச் சான்றிதழைக் காட்டினார்.

"மன்னிக்க வேண்டும், இது தரக் கட்டுப்பாடு என்று எங்களுக்குச் சொல்லவில்லை" என்று தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவர், இதற்குப் பயிற்சி வகுப்பு உண்டா என்று என்னிடம் விசாரித்தார்.

இந்தச் சம்பவத்தால் குழுவின் நடுநிலைமை கெட்டுவிட்டது என்று சொல்லி, வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டுவந்தார்கள். பழைய குத்துச்சண்டை வீரர். கழுத்தே இல்லை. அவருக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. இப்படியொரு பாரபட்சமற்ற மனிதரைத் தான் கண்டதில்லை என்று சபாரத்தினம் அறிமுகம் செய்துவைத்தார்.

நான் ஒரு நாள் படிக்கட்டில் சபாரத்தினத்தை மறித்தேன்.

"சேர், அந்தப் பொடியன் செத்துப்போவான். நீங்கள் ஊரில என்னத்தைக் கண்டுபோட்டு இஞ்ச வந்தனீங்கள்? நானும் அதைத்தான் கண்டனான். அடிச்சு உண்மை எடுக்கிறவங்களிட்டைத் தப்பி எல்லே ஓடிவந்தனாங்கள்!"

அவர் என் தோளில் அன்பாகக் கை வைத்தார். "இஞ்ச பாரும் கஸ்பர். அங்க அடிச்சவங்களிட்டை ஒரு முறை இருந்ததோ? படிவம் இருந்ததோ? இருபது நாள் அறிவித்தல் இருந்ததோ? இஞ்ச அடிக்கு முதல் கையெழுத்து வாங்கிறம், அடிக்குப் பிறகு தேத்தண்ணி குடுக்கிறம். இதுக்குப் பேர்தான் நாகரிகம். நீர் குறிப்பை ஒழுங்கா எழுதும்."

இருபத்து மூன்றாவது பிரதிக்குச் செல்லப்பன் திரும்பவும் முதல் எட்டு எழுத்தையே எழுதினார். "என்னால வேற மாதிரி எழுத முடியாது அண்ணே. எழுதினா அது பொய்" என்றார். சட்டைப்பையில் கண்ணாடித்தாளை வைத்துக்கொண்டு அறைக்குள் போனார். எடுத்து வைப்பதற்குள்ளேயே மதிப்பீட்டாளர் மதிப்பிட்டுவிட்டார். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. அம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எட்டு எழுத்தும் அவருடைய சட்டைப்பையிலேயே போய்விட்டது.

கூட்டத்தை ஒத்திவைக்க விதியில் இடமில்லை. "கஸ்பர், தாளை வையும்" என்றார் சபாரத்தினம். வைக்க ஒன்றும் இல்லை. பெட்டியிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்து ப்ரொஜெக்டரில் வைத்தேன். சுவரில் வெள்ளை வெளிச்சம் மட்டும் விழுந்தது.

மிஸ்டர் காஸ்கின் முன்னுக்குச் சாய்ந்து சுவரை உற்றுப் பார்த்தார்.

"முதல்தடவையாக எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை" என்றார் மிசஸ் பிக்கெட்.

"சாய்வு இல்லை. முறைப்பு இல்லை" என்றார் மிஸ்டர் காஸ்கின்.

"இதில் இரண்டு அர்த்தம் எடுக்கக்கூடிய இடம் ஒன்றை யாராவது காட்டுங்கள் பார்க்கலாம்!" என்றார் சபாரத்தினம்.

நான் வாயைத் திறந்தேன். "சேர், அதில ஒண்டுமே..."

"வசனத்துக்காகப் பேசப் போறீரோ? அப்ப முன்னால வந்து நில்லும்" என்று மறித்தார் சபாரத்தினம்.

மதிப்பீட்டாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருடைய கை விரல்களில் இன்னும் ஈரம் காயவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். பதினொரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினொரு கையெழுத்தோடு வெற்றுத் தாள் தைப்பேக்கு ஃபாக்ஸில் போனது.

மறுநாள் மிஸ் லின் தைப்பேயிலிருந்து போன் எடுத்தார். கதவு திறந்தால் நிற்கும் வசதியைத் தாங்கள் முதல் வாரமே செய்துவிட்டதாகவும், சுயபுத்தி உள்ள எவரும் அதைச் செய்வார் என்பதால் தாளுக்குக் காத்திருக்கவில்லை என்றும், இப்போது வந்த தாள் வெறுமையாக இருப்பது பிழையா என்றும் கேட்டார். "பிழை இல்லை. கதவு பற்றி அங்கீகரிக்கப்பட்ட தாள் அதுதான். தாளில் இல்லாதது மெஷினில் இருக்கக்கூடாது. எடுத்துவிடுங்கள்" என்றார் சபாரத்தினம். எழுத்தில் தரச்சொல்லி மிஸ் லின் கேட்டார். எழுத்தில் கொடுத்தார்.

அன்று பின்னேரம் எமில்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் கண்டனீங்கள். கண்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்."

"அடிப்பாங்கள் எண்டு பயந்துபோனன் எமில்டா."

பளார் என்று கன்னத்தில் ஒன்று விட்டாள். அவள் என்னை அடித்தது அதுதான் முதல்தடவை. அதை நான் விபத்துப் பதிவேட்டில் பதியவில்லை. எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

மெஷினை ஏற்றுக்கொள்ளும் நாள் வந்தது. களஞ்சியத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். விதிப்படி, மெஷினைப் பாவிக்கப் போகிறவர் கதவைத் திறந்து, கையை உள்ளே வைத்துச் சோதித்துக் காட்டவேண்டும். எமில்டாவைக் கூப்பிட்டார்கள். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். "இவள் வைக்க மாட்டாள். என்னை அடிக்கிறதெண்டா அடியுங்கோ" என்றேன்.

எமில்டா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பிள்ளை, பயப்பிடாதையும். பதினொரு பேர் கையெழுத்து வைச்ச மிசின் இது" என்றார் சபாரத்தினம்.

"அப்ப அந்தப் பதினொரு பேரில ஒராள் கையை வையுங்கோவன்."

மிஸ்டர் காஸ்கின் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகத் தெளிவான மொழிபெயர்ப்பு அதுதான். அவர் சிரித்தார். கோட்டைக் கழற்றி மிசஸ் பிக்கெட்டிடம் கொடுத்துவிட்டு, வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினார். கதவைத் திறந்து கையை உள்ளே வைத்தார்.

"நண்பர்களே, இருபத்து மூன்று பிரதிகள், எட்டு மாதங்கள். உலகத்தில் எந்த நிறுவனமும் ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு..."

சோதனைக்காகப் பெல்ட்டில் வந்துவிழுந்த பெட்டி போதிய அளவு சேர்ந்துவிட்டது. தட்டு இறங்கியது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. எமில்டா பாய்ந்துபோய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். மணிக்கட்டுக்குக் கீழே மிச்சம் எதுவும் இருக்கவில்லை. அதற்கு மேலே இருந்ததெல்லாம் எமில்டா காப்பாற்றியது. ரத்தத்தில் ரிப்பன் எது என்று தெரியவில்லை. சபாரத்தினம் சோதனைப் படிவத்தை எடுத்து, 'மெஷின் ஆவணத்தின்படி இயங்கியது' என்ற கட்டத்தில் சரி போட்டார். போட்டுவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

மூன்று வாரம் கழித்து அவசரக் கூட்டம். மிஸ்டர் காஸ்கின் கட்டுப்போட்ட கையோடு, முகம் வெளிறிப்போய் வந்தார். தாடையைக் கம்பியால் கட்டிய செல்லப்பன் எட்டு எழுத்தையும் சுவரில் காட்டினார். ஒருவரும் அவரை அடிக்கவில்லை.

"எனக்கு இப்போது விளங்குகிறது. இவ்வளவு தெளிவான வாக்கியத்தை நான் கண்டதில்லை" என்றார் மிஸ்டர் காஸ்கின்.

ஆனால் அங்கீகரித்த தாளை மாற்றினால் அது பிழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், சான்றிதழ் போய்விடும் என்று ஐந்து பேர் அடம்பிடித்தார்கள். வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எதிராக ஐந்து கை உயர்ந்தது. ஆதரவாக ஐந்து கை உயர்ந்தது. ஆறாவதாக மிஸ்டர் காஸ்கின் தன் கட்டுப்போட்ட கையை உயர்த்தினார்.

சபாரத்தினம் விதிநூலைப் புரட்டினார். "வாக்களிப்பவர் உள்ளங்கை தெரியும்படி வலது கையை உயர்த்துக. விதி இருபத்திரண்டு. தலைவர் அவர்களே, உள்ளங்கை தெரியவில்லை."

மிஸ்டர் காஸ்கின் இடது கையை உயர்த்தினார்.

"வலது என்று போட்டிருக்கிறது. மிகவும் வருந்துகிறேன்."

ஐந்துக்கு ஐந்து. தீர்மானம் தோற்றது. திங்கட்கிழமையிலிருந்து பேலர் வழமைபோல் ஓடும் என்று குறிப்பெழுதச் சொன்னார்கள். எழுதினேன். பேனை கடதாசியைக் கிழித்துக்கொண்டு போனது.

திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு எமில்டா என்னோடுதான் பஸ்ஸில் வந்தாள். களஞ்சியத்துக்குள் போனவள் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, சுவரில் நெருப்புக்காக மாட்டியிருந்த கோடரியை எடுத்தாள்.

"விலகுங்கோ."

முதல் கொத்து கம்ப்யூட்டர் பெட்டியில். இரண்டாவது கதவில். பிறகு நான் எண்ணவில்லை. ராஜலட்சுமியின் இரண்டு விரலுக்கும், செல்லப்பனின் தாடைக்கும், என் ஊமைவாய்க்கும் சேர்த்துக் கொத்தினாள். நெருப்புப்பொறி பறந்தது, வயர் குடல்போல் வெளியே வந்தது, எண்ணெய் பீய்ச்சி அடித்தது. களஞ்சியத்துப் பெண்கள் எல்லாம் சுற்றிநின்று, "விடாதையடி, விடாதை!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். அப்படி நான் கத்தி எத்தனையோ வருடம்.

ஒன்பது மணிக்குக் குழு இறங்கி வந்தது. பேலர் ஒரு பக்கம் சரிந்துகிடந்தது. கதவு ஒற்றைக் கீலில் ஆடியது. சபாரத்தினம் படிவத்தோடு அதைச் சுற்றி வந்தார். ஒரு தடியால் பெட்டிகளை உள்ளே தள்ளினார். காத்திருந்தார். இன்னும் தள்ளினார்.

"கதவு திறந்திருக்கிறது" என்று அறிவித்தார். "மெஷின் அசையவில்லை. தலைவர் அவர்களே, செல்லப்பனின் ரிக்குவயர்மென்ட் முழுமையாக நிறைவேறியிருக்கிறது. அதுவும் தாளில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல்!"

கைதட்டினார்கள். மிஸ்டர் காஸ்கின் மட்டும் தட்டவில்லை. அவருக்கு அது இனி ஏலாது.

அந்த வாரமே இரண்டு கடிதங்கள் தட்டச்சாகின. ஒன்று, தெளிவு உறுதிப்படுத்தும் குழுவுக்குப் பாராட்டு. மற்றது, ஆவணத்தில் குறிப்பிடப்படாத முறையில் மெஷினைச் சரிசெய்த குற்றத்துக்காக எமில்டாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். அதை நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எமில்டா நின்றபடியே வாசித்தாள். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள்.